தெருவைத் தேடுகிறவர்களுக்கு: பழைய படங்கள், வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு படம் கிடைத்தது. பின்பக்கம் ‘மவுண்ட் ரோடு, 1930’ என்று பேனாவால் எழுதியிருக்கிறது. கடைவீதி, இரண்டு கார், ஒரு மாட்டு வண்டி. மவுண்ட் ரோட்டில் இது எந்த இடம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எங்கே ஆரம்பிப்பது? (வாசகர், புரசைவாக்கம்)

பின்னால் இருக்கும் எழுத்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். படம் எடுத்த வாரமே எழுதி வைத்தவர்கள் குறைவு. பல வருடம் கழித்து, ஆல்பத்தை ஒழுங்கு பண்ண உட்கார்ந்த யாரோ ஞாபகத்திலிருந்து எழுதியதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அதில் ஊர் சரியாக இருக்கும், தெரு சந்தேகம், ஆண்டு அநேகமாக ஊகம். கடைசியில் எடுத்து, நீங்கள் கண்டதோடு ஒத்துப் பார்த்தால் போதும்.

முதல் வேலை ஸ்கேன். தபால் அட்டை அளவுப் படத்துக்கு 600 டிபிஐ போதும். தீப்பெட்டி அளவென்றால் 1200. நெகட்டிவ் கிடைத்தால் 2400க்குக் குறையக் கூடாது. ஸ்கேனரில் தானாகப் பளிச்சாக்கும், தூசி நீக்கும் வசதிகளை அணைத்துவிட்டு, டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். தூசி நீக்கும் வசதி தந்திக் கம்பியையும் தூசி என்று நினைத்து அழித்துவிடும். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள், ஸ்டூடியோ முத்திரை அங்கேதான் இருக்கும். யாருக்காவது வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் படமாக அனுப்பாமல் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். படமாகப் போனால் கடைப்பலகை எழுத்தெல்லாம் கஞ்சியாகிவிடும்.

பிறகு கணினியில் பெரிதாக்கி, நடுவை விட்டு ஓரங்களிலிருந்து பார்த்து வாருங்கள். படம் எடுத்தவர் நடுவில் இருப்பதைத்தான் கவனித்தார். ஓரத்தில் தற்செயலாக வந்து மாட்டியதுதான் இடத்தைக் காட்டிக்கொடுக்கும்: பாதி வெட்டுப்பட்ட கோபுரம், கூரைக்கு மேல் எட்டிப் பார்க்கும் சிலுவை, தெரு வளையும் திசை, சந்து திறக்கும் இடம். கட்டடங்களிலும் கீழ்த்தளத்தை விடுத்து மேலே பாருங்கள். கீழே கடைகள் பத்து வருடத்துக்கு ஒருமுறை ஷட்டரும் பலகையும் மாற்றிக்கொள்கின்றன. மாடி ஜன்னல்களின் எண்ணிக்கை, வளைவின் வடிவம், கைப்பிடிச் சுவரின் சுதை வேலை ஆகியவை கட்டடத்தை இடிக்கும் வரை மாறுவதில்லை. முகப்பில் ஆண்டைச் சுதையில் பொறித்திருந்தால் யோகம்.

மவுண்ட் ரோட்டுக்கென்று (இன்றைய அண்ணா சாலை) சில அடையாளங்கள் உண்டு. எல்ஐசி கட்டடம் 1959இல் திறக்கப்பட்டது, 14 மாடி. சாலையின் அந்தப் பகுதியைப் பார்த்து எடுத்த படத்தில் அது இல்லையென்றால் படம் அதற்கு முந்தையது. ஸ்பென்சர் எதிரே நின்ற, நீல் என்ற ஆங்கிலேயத் தளபதியின் சிலை 1937இல் அகற்றப்பட்டு அருங்காட்சியகத்துக்குப் போனது. அந்தச் சிலை தெரிந்தால் 1937க்குப் பிந்தைய பேச்சுக்கே இடமில்லை. டிராம் கம்பியும் தண்டவாளமும் தெரிந்தால், நகரில் மின்சார டிராம் ஓடியது 1895 மே முதல் 1953 ஏப்ரல் வரை. அண்ணா சிலை நிற்கும் சந்திப்பைப் பழையவர்கள் இன்னும் ‘ரவுண்டாணா’ என்றுதான் சொல்கிறார்கள். பழைய தலைப்புகளில் அந்தப் பெயர் வந்தால் திகைக்க வேண்டாம்.

கேள்வி: ஒரு படத்தில் கோயில் இடப்பக்கம் இருக்கிறது. இன்று அதே இடத்தில் நின்றால் வலப்பக்கம் வருகிறது. வேறு தெருவா? (வாசகி, திருச்சி)

வேறு தெருவாக இருப்பதற்கு முன், படம் திருப்பிப் போடப்பட்டதா என்று பாருங்கள். கண்ணாடித் தகட்டையோ பிலிமையோ புரட்டி வைத்துப் பிரதி எடுத்தால் இடம் வலமாகிவிடும். கடைப்பலகை எழுத்து இருந்தால் ஒரு நொடியில் தெரியும். எழுத்து இல்லாவிட்டால் மனிதர்களைப் பாருங்கள். ஆண்களின் சட்டையில் இடப்பக்கத் துணி மேலே வரும், பூணூல் இடத் தோளிலிருந்து இறங்கும், வண்டிகள் இடப்பக்கம் போகும். புடவைத் தலைப்பை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். மடிசாரில் ஐயர் கட்டுக்குத் தலைப்பு வலத் தோளில், ஐயங்கார் கட்டுக்கு இடத் தோளில். அக்ரகாரத்துப் படத்தில் தலைப்பை நம்பினால் நேராக இருக்கும் படத்தைத் திருப்பி வைத்துவிடுவீர்கள்.

கேள்வி: எங்கள் ஊர்க் கடைவீதிப் படம், தேதி இல்லை. பலகைகள், சுவர் விளம்பரங்கள் தெளிவாகத் தெரிகின்றன. ஆண்டைக் கணிக்க முடியுமா? (வாசகர், கும்பகோணம்)

பலகை தெரிகிறதென்றால் பாதி வேலை முடிந்தது. ஒரே ஆண்டைப் பிடிக்கப் பார்க்காதீர்கள். ‘இதற்கு முன் இருக்க முடியாது’, ‘இதற்குப் பின் இருக்க முடியாது’ என்று இரண்டு வேலி போடுங்கள். ஒவ்வொரு தடயமும் ஏதோ ஒரு வேலியை நெருக்கும்.

எழுத்திலிருந்து தொடங்குங்கள். தும்பிக்கை வைத்த பழைய ‘லை’, ‘னை’, சுழித்த பழைய ‘ணா’, ‘றா’ இருந்தால், பலகை எழுதியது பெரும்பாலும் 1978க்கு முன். அந்த ஆண்டில்தான் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. இதில் இரண்டு பொறி உண்டு. ஒன்று, பலகை பழையதாக இருக்கலாம், படம் புதிதாக இருக்கலாம். இன்னொன்று, பெரியாரின் பத்திரிகை 1935 முதலே புதிய வடிவத்தைக் கையாண்டது. கட்சிச் சார்புள்ள கடைக்காரர் முன்கூட்டியே மாறியிருக்கக் கூடும்.

அடுத்தது விலை. அணா கணக்கு என்றால் 1957 ஏப்ரலுக்கு முந்தைய பலகை. ‘ந.பை.’ என்று போட்டிருந்தால் ஜாக்பாட். நயா பைசா என்ற பெயர் 1957 ஏப்ரல் முதல் 1964 ஜூன் வரைதான் இருந்தது. சேர், வீசை போய் கிலோ வந்தது 1960களின் தொடக்கத்தில்.

முகவரியை விடாதீர்கள். ஆறு இலக்கப் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15இல் வந்தது. அதற்கு முன் சென்னைப் பலகைகளில் ‘மதராஸ்–4’, ‘மதராஸ்–17’ என்று இருக்கும். இது ஆண்டோடு இடத்தையும் சொல்லும். அந்த எண்தான் பிறகு பின்கோட்டின் வாலாக ஒட்டிக்கொண்டது: 4 மயிலாப்பூர், 5 திருவல்லிக்கேணி, 17 தியாகராய நகர். இடம் தெரியாத சென்னைப் படத்தில் இப்படி ஒரு எண் மட்டும் கிடைத்தாலே தேட வேண்டிய பரப்பு பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடும். ‘மதராஸ் மாநிலம்’ என்றிருந்தால் 1969 ஜனவரிக்கு முன். வண்டி எண் ‘டிஎன்’ என்று தொடங்கினால் 1989க்குப் பின்.

சுவரைப் பாருங்கள். நம் ஊர்ச் சுவர்களைப் போல நாட்குறிப்பு எழுதியவை வேறில்லை. காங்கிரஸுக்கு இரட்டைக் காளை என்றால் 1969 பிளவுக்கு முன் வரைந்தது. பசுவும் கன்றும் 1971 தேர்தல் முதல் 1977 தேர்தல் வரை. கை வந்தது 1978இல். இரட்டை இலை முதலில் தெரிந்தது 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில். தேர்தல் முடிந்தும் சுண்ணாம்பு அடிக்கும் வரை சின்னம் சுவரில் கிடக்கும் என்பதால் இவையெல்லாம் முன்வேலிதான், பின்வேலி அல்ல. சினிமா போஸ்டரும் அப்படியே. வெளியான தேதிக்கு முன் ஒட்டியிருக்க முடியாது. ஆனால் டூரிங் டாக்கீஸில் ஐந்தாறு வருடம் கழித்தும் அதே படம் ஓடும். மூன்று வெவ்வேறு போஸ்டர் தெரிந்தால் ஆகப் புதியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கூரையும் பேசும். மங்களூரில் சீமை ஓடு தயாராகத் தொடங்கியது 1860களில். அது வரிசையாகத் தெரியும் தெரு அதற்குப் பிந்தையது. நாட்டு ஓடு எதையும் நிரூபிக்காது.

கேள்வி: பழைய தபால் அட்டையில் முத்திரை 1912 என்று தெளிவாக இருக்கிறது. அதையே படத்தின் ஆண்டாகக் கொள்ளலாமா? (வாசகர், உதகமண்டலம்)

கூடாது. 1912இல் யாரோ வாங்கி அனுப்பினார்கள், அவ்வளவுதான். நன்றாக விற்ற அட்டையை அதே படத்தோடு பல வருடம் அச்சடித்தார்கள். பின்பக்கத்தின் நடுவில் பிரிகோடு இல்லாமல் முழுப் பக்கமும் முகவரிக்கே என்றிருந்தால் அச்சு பெரும்பாலும் 1907க்கு முந்தையது. வண்ண அட்டையில் வண்ணத்தை நம்ப வேண்டாம். பல அட்டைகளுக்கு ஜெர்மனி அச்சகங்களில்தான் சாயம் ஏற்றினார்கள். நம் ஊரைப் பார்த்தேயிராத ஒருவர் கோபுரத்துக்கு ரோஜா நிறமும், சிவப்புச் செங்கல் கட்டடத்துக்கு மஞ்சளும் கொடுத்திருப்பார்.

கேள்வி: படம் எடுத்தவர் நின்ற அதே இடத்தில் நின்று இன்று ஒரு படம் எடுக்க ஆசை. எத்தனை முறை போனாலும் பொருந்தவில்லை. என்ன தவறு செய்கிறேன்? (வாசகர், பெரம்பூர்)

‘இங்கேதான் நின்றிருப்பார்’ என்று உத்தேசமாக நின்று, ஜூம் பண்ணிச் சரிசெய்யப் பார்க்கிறீர்கள் என்று தோன்றுகிறது. ஜூம் படத்தைப் பெரிதாக்குமே தவிர, கிட்ட இருப்பதற்கும் தூரத்தில் இருப்பதற்கும் உள்ள உறவை மாற்றாது. அந்த உறவை மாற்றுவது உங்கள் கால்கள்தான்.

பழைய படத்தில் இன்றும் இருக்கும் இரண்டு பொருள்களைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று கிட்ட, ஒன்று தூர. உதாரணமாக, மதில் தூணின் விளிம்பும் பின்னால் தெரியும் கோபுரத்தின் விளிம்பும். படத்தில் இரண்டும் ஒரே செங்குத்துக் கோட்டில் வந்தால், படம் எடுத்தவர் அந்த இரண்டையும் இணைக்கும் நேர்கோட்டின் நீட்சியில் எங்கோ நின்றார். இது ஒரு கோடு. வேறொரு ஜோடியில் இன்னொரு கோடு கிடைத்தால், இரண்டும் வெட்டும் இடம்தான் அவர் நின்ற இடம். இரண்டு ஜோடிகளும் படத்தின் இரு ஓரங்களில் இருப்பது நல்லது. இரண்டும் ஒரே பக்கம் இருந்தால் கோடுகள் கத்தரிபோல ஒட்டி ஓடி, வெட்டும் இடம் பத்து அடி முன்னும் பின்னும் வழுக்கும்.

களத்தில் நின்று சரிசெய்ய இரண்டு விதிகள். கிட்ட இருக்கும் தூண், பழைய படத்தில் இருப்பதைவிட வலப்பக்கம் தள்ளித் தெரிந்தால் நீங்கள் வலப்பக்கம் நகர வேண்டும். தூரக் கோபுரத்தோடு ஒப்பிடும்போது தூண் அளவுக்கு மீறிப் பெரிதாகத் தெரிந்தால் பின்னால் போக வேண்டும். முதலில் பக்கவாட்டைச் சரிசெய்து, பிறகு முன்பின் போங்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் நடுத்தெருவில் கோலாட்டம் ஆடுவது போலாகிவிடும்.

அடுத்தது உயரம். தெருவின் இரு விளிம்புகள், தாழ்வாரக் கோடுகள் எல்லாவற்றையும் ஸ்கேலால் நீட்டினால் அவை ஒரு புள்ளியில் கூடும். அந்தப் புள்ளி வழியாகப் போகும் கிடைக்கோடு எதையெல்லாம் வெட்டுகிறதோ, அதெல்லாம் கேமராவின் உயரத்தில் இருந்தவை. நடப்பவர்களின் தலையை வெட்டினால் அவர் தரையில் நின்றார். முதல்மாடிக் கைப்பிடியை வெட்டினால் எதிர்வீட்டு மாடியிலிருந்து எடுத்திருக்கிறார். நீங்கள் எத்தனை முறை தரையில் நின்றாலும் பொருந்தாததற்குப் பல சமயம் இதுதான் காரணம்.

தெருவின் மட்டத்தையும் கணக்கில் எடுங்கள். பழைய சாலையைச் சுரண்டாமல் மேலேயே தார் போட்டுப் போட்டுத் தெருக்கள் உயர்ந்துவிட்டன. பழைய படத்தில் வாசலுக்கு ஐந்து படி, இன்று இரண்டு படி என்றால், மூன்று படி உயரத்துக்குத் தெரு ஏறியிருக்கிறது. குந்திக்கொண்டு எடுக்க வேண்டியதுதான்.

செல்போனில் அகலக் கோண லென்ஸைத் தவிர்த்துவிட்டு, முதன்மை லென்ஸில் எடுத்து வெட்டிக்கொள்ளுங்கள். போனை மேல்நோக்கிச் சாய்க்காதீர்கள். அந்தக் காலப் பெட்டி கேமராக்களில் லென்ஸை மட்டும் மேலே ஏற்றும் வசதி இருந்தது. அதனால் அவர்கள் படத்தில் தூண்கள் செங்குத்தாக நிற்கும், உங்கள் படத்தில் பின்னால் சாயும். போனை நேராகப் பிடித்து, தேவையில்லாத தரையைக் கீழே வெட்டி எறியுங்கள்.

கேள்வி: நிழலை வைத்து மாதம் சொல்ல முடியும் என்கிறார்களே, உண்மையா? (வாசகி, மயிலாப்பூர்)

ஓரளவு. சென்னைக்கு ஒரு நல்ல சோதனை உண்டு. ஏப்ரல் 25 வாக்கிலிருந்து ஆகஸ்ட் 18 வாக்கு வரை உச்சி வெயில் வடக்கிலிருந்து விழும், மற்ற நாளெல்லாம் தெற்கிலிருந்து. எனவே குட்டை நிழல் தெற்கு நோக்கிக் கிடந்தால் கோடை முதல் ஆடி முடிய என்று சொல்லலாம். டிசம்பர் 21 நண்பகலில் பத்தடிக் கம்பத்தின் நிழல் வடக்கே சுமார் ஏழரை அடி. நீண்ட காலை, மாலை நிழலை வைத்து மாதம் சொல்லப் போகாதீர்கள். இன்னொன்று, மணிக்கூண்டின் நேரத்தையும் நிழலையும் ஒத்துப் பார்க்கிறவர்கள், 1906க்கு முந்தைய படமானால் அது மதராஸ் நேரம், இன்றைய நேரத்துக்கு ஏறக்குறைய 9 நிமிடம் பின்தங்கியது என்பதை நினைவில் வையுங்கள்.

கேள்வி: ஐஸ் ஹவுஸ் படம் ஒன்றில் கடல் சாலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இன்று கடலுக்குப் போக மணலில் கால் கடுக்க நடக்க வேண்டும். தலைப்புத் தவறா? (வாசகர், திருவல்லிக்கேணி)

தலைப்பு சரிதான், மாறியது கடற்கரை. துறைமுகச் சுவர் கட்டும் வேலை 1870களின் நடுவில் தொடங்கியது. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் அதைத் தடுத்தது. தடுக்கப்பட்ட மணல் தெற்கே குவிந்து மெரினாவாகப் பரந்தது. வடக்கே மணல் போய்ச் சேராமல் ராயபுரம், காசிமேடு பக்கம் கடல் அரித்தது. ஐஸ் ஹவுஸ் 1842இல் கட்டப்பட்டபோது கப்பலில் வந்த பனிக்கட்டியை மசூலா என்ற அலைகடக்கும் படகில் இறக்கி நேரே கொண்டு போனார்கள் என்றால், கடல் அவ்வளவு கிட்ட இருந்ததுதான் காரணம். ஆகவே மெரினாப் படங்களில் மணலின் அகலமே ஒரு தேதி முத்திரை. கூடவே மாநிலக் கல்லூரியைப் பாருங்கள், கடிகாரக் குவிமாடம் 1940இல் வந்தது.

கலங்கரை விளக்கமும் உதவும். உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கும் கல்தூண் 1844 முதல் எரிந்தது. 1894இல் விளக்கு நீதிமன்றக் கோபுரத்துக்கு ஏறியது. மெரினாவின் இன்றைய விளக்கம் 1977இல் வந்தது.

கேள்வி: தாத்தாவின் பத்திரத்தில் உள்ள தெருப்பெயரே இப்போது இல்லை. கதவு எண்ணும் பொருந்தவில்லை. படத்தில் இருக்கும் வீடு எந்த மனையில் இருந்தது என்று கண்டுபிடிக்க வழி உண்டா? (வாசகி, ஜார்ஜ் டவுன்)

உண்டு, பத்திரத்துக்குள்ளேயே. முதலில் பெயர். சைனா பஜார் ரோடு இன்று நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலை, பிராட்வே பிரகாசம் சாலை, வடக்குக் கடற்கரைச் சாலை ராஜாஜி சாலை. நகரின் மற்ற பகுதிகளில் எட்வர்ட் எலியட்ஸ் ரோடு இராதாகிருஷ்ணன் சாலையாகவும், மௌப்ரேஸ் ரோடு டி.டி.கே. சாலையாகவும், லாயிட்ஸ் ரோடு அவ்வை சண்முகம் சாலையாகவும் ஆயின. எம்.ஜி.ஆர். ஆட்சியில் தெருப்பெயர்களிலிருந்து சாதிப் பின்னொட்டுகள் நீக்கப்பட்டன. அதனால் முதலியார், செட்டியார், நாயக்கர் என்று முடியும் பழைய தெருவைத் தேடும்போது அந்த வாலை வெட்டிவிட்டுத் தேடிப் பாருங்கள்.

கதவு எண்ணை நம்பவே நம்பாதீர்கள். சென்னையில் ‘பழைய எண், புதிய எண்’ என்று இரண்டு போடுகிறோமே, அந்தப் பழைய எண்ணுக்கும் முன்னால் இன்னொரு பழைய எண் இருந்திருக்கலாம். நம்ப வேண்டியது நகர அளவை எண்ணும், நான்கெல்லையும்தான். கட்டடத்தை இடித்துக் கட்டினாலும் மனையின் எல்லைக்கோடு அவ்வளவு சீக்கிரம் நகராது. குறுகலான மனை குறுகலாகவே இருக்கும். பழைய படத்தில் பத்தடி முகப்போடு இரண்டு பெரிய வீடுகளுக்கு நடுவே ஒடுங்கி நிற்கும் வீட்டின் இடத்தில், இன்று பத்தடி அகலத்தில் நான்கு மாடி நிற்பதைப் பார்ப்பீர்கள்.

நான்கெல்லையைப் படிப்பதில்தான் பலர் கவிழ்கிறார்கள். ‘இன்னார் வீட்டுக்கு வடக்கு’ என்று எழுதியிருந்தால், இன்னார் வீடு வடக்கே இருக்கிறது என்று பொருளில்லை. நம் மனை அவர் வீட்டுக்கு வடக்கே இருக்கிறது, அதாவது அவர் நமக்குத் தெற்கே. இதைத் தலைகீழாகப் படித்துவிட்டுத் தெருவின் எதிர்ச் சாரியில் வீட்டைத் தேடிக்கொண்டிருப்பார்கள். ஆனால் சில பத்திரங்களில் ‘வடக்கில்: இன்னார் வீடு’ என்று நேராகவும் எழுதியிருக்கும். ‘தெருவுக்கு மேற்கு’ என்பது போல ஒரு வாசகம் கிடைத்தால், தெரு எந்தப் பக்கம் என்பதை வைத்து எந்த முறையில் எழுதியிருக்கிறார்கள் என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

அதன் பிறகு பக்கத்து மனைகளைப் பிடியுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் பொதுவாக 1975 வரை பின்னோக்கி வில்லங்கம் பார்க்கலாம். அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். வில்லங்கத்தில் வரும் ஆவண எண்ணைக் கொண்டு தாய்ப் பத்திரத்தின் நகல் வாங்குங்கள். பக்கத்து வீட்டார் பத்திரத்தில் உங்கள் தாத்தா பெயர் எல்லையாக வந்தால் முடிச்சு அவிழ்ந்தது. வியாபாரத் தெருவானால், அந்தக் காலத்து மதராஸ் அல்மனாக் என்ற ஆண்டுக் கையேடுகளில் கடைகளின், கம்பெனிகளின் முகவரிகள் உண்டு. அடுத்தடுத்த ஆண்டுத் தொகுதிகளை வைத்துப் பார்த்தால் ஒரு கடை எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரியும். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தையும் கன்னிமாரா நூலகத்தையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று கிளம்பாதீர்கள். காப்பகத்தில் அனுமதிக்கே தனியாக நேரம் ஒதுக்க வேண்டும்.

கேள்வி: மூர் மார்க்கெட் சரியாக எங்கே இருந்தது? என் பிள்ளைகள் சென்ட்ரல் ஸ்டேஷனே அதுதான் என்கிறார்கள். (வாசகர், வியாசர்பாடி)

சென்ட்ரலுக்கு மேற்கே ஒட்டி, இன்று புறநகர் ரயில் முனையம் நிற்கும் இடத்தில். 1900இல் திறந்து, 1985 மே 30இல் எரிந்தது. இரண்டும் சிவப்பு என்பதால் படத்தில் குழம்புவது சகஜம். மணிக்கூண்டு இருந்தால் சென்ட்ரல். பின்னணியில் ரிப்பன் கட்டடத்தின் வெள்ளை தெரிந்தால் 1913 வாக்கிலோ அதற்குப் பிறகோ எடுத்தது.

கேள்வி: 1858இல் எடுத்த மதுரைப் படங்களில் மேகங்கள் அழகாக இருக்கின்றன. மேகத்தை வைத்துப் பருவம் சொல்லலாமா? கோட்டைச் சுவர் ஏன் எந்தப் படத்திலும் இல்லை? (வாசகி, மதுரை)

மேகம் வரைந்தது. அந்தப் படங்களை எடுத்த லின்னேயஸ் டிரைப் காகித நெகட்டிவில் எடுத்தவர். அதில் வானம் வெறுமையாகத்தான் வரும். நெகட்டிவின் மேலேயே சாயம் தீட்டி மேகத்தை உண்டாக்கினார், சில படங்களில் மரக்கிளைகளையும் சரிசெய்தார். கட்டடத்தை நம்பலாம், வானத்தை நம்பக் கூடாது.

கோட்டைச் சுவர் அதற்கு முன்பே போய்விட்டது. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் இடித்து அகழியைத் தூர்த்தார்கள். சுவரைப் பார்க்க வேண்டுமானால் வெளி வீதிகளில் நடந்து பாருங்கள், கோட்டையின் விளிம்பையே பின்பற்றிப் போகின்றன. மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அந்த வேலையில் ஈடுபட்டவர்கள் பெயர். போன சுவரைத் தெருவாகப் படிக்கும் வித்தை எல்லா ஊருக்கும் உதவும். சென்னையில் நீள ஏரி 1920களில் வடிக்கப்பட்டுத் தியாகராய நகர் எழுந்தது. ஏரி போனாலும் மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடும் நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடும் கரையைக் காட்டிக்கொண்டு கிடக்கின்றன.

கேள்வி: பழைய வரைபடத்தைக் கணினியில் இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்தினேன். நடுவில் சரியாக வருகிறது, ஓரத்தில் நூறடி விலகுகிறது. (வாசகர், கோயம்புத்தூர்)

நீங்கள் பயன்படுத்தியது கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் என்றே எடுத்துக்கொள்கிறேன். பொருத்துப் புள்ளிகளை எல்லாம் கடைவீதியில் குவித்திருப்பீர்கள். நாலு மூலைக்கும் பரப்புங்கள், பத்துப் பன்னிரண்டு வையுங்கள். சாலைச் சந்திப்பின் நடுவைப் புள்ளியாக வைக்காதீர்கள், சாலையை அகலப்படுத்தும்போது நடு நகர்ந்துவிடும். தெப்பக்குளத்தின் மூலை, கோயில் மதிலின் மூலை, பழைய தேவாலயம் ஆகியவை நகராதவை. ஆற்றங்கரை கூடாது.

முதலில் எளிய முதல்படி உருமாற்றத்தில் ஓட்டுங்கள். அதற்கு மூன்று புள்ளி போதும், ஆனால் கூடுதல் புள்ளி இருந்தால்தான் பிழை வெளிப்படும். ஒரு புள்ளி மட்டும் மற்றவற்றைவிடப் பல மடங்கு பிழை காட்டினால் அது தவறான இடத்தில் குத்தியது, நீக்குங்கள். எல்லாப் புள்ளியும் கொஞ்சம் கொஞ்சம் விலகினால் காகிதம் சுருங்கியிருக்கிறது அல்லது மடிப்பில் இழுபட்டிருக்கிறது. அப்போது இரண்டாம்படிக்குப் போங்கள், ஆறு புள்ளி வேண்டும். வளைத்து வளைத்து எல்லாப் புள்ளியையும் பொருத்தும் ‘தின் பிளேட் ஸ்பிளைன்’ பிழையே இல்லாதது போல் காட்டும். தவறான புள்ளியையும் சரியென்று விழுங்கிவிடும் என்பதால் அதைக் கடைசியில்தான் தொட வேண்டும்.

1960களின் ஊர் வேண்டுமானால், அமெரிக்க உளவுச் செயற்கைக்கோளான கொரோனா 1960–72இல் எடுத்த படங்கள் 1995இல் வெளியிடப்பட்டன. அமெரிக்க நில ஆய்வு நிறுவனத்தின் தளத்தில் தேடலாம். நல்ல படங்களில் ஆறடிப் பொருள் வரை பிரித்தறியலாம். தூர்ந்துபோன குளங்களைத் தேட இதைவிட நல்லது இல்லை.

கேள்வி: 1990இல் யாழ்ப்பாணத்து மயிலிட்டியை விட்டு வெளிக்கிட்டோம். வீடு தரைமட்டம். கையில் இருப்பது கலியாணப் படம் நான்கும் காணி உறுதியும்தான். வளவை அடையாளம் காண என்ன வழி? (வாசகர், டொரன்டோ)

கலியாணப் படங்களில் ஆட்களுக்குப் பின்னால் பாருங்கள். கிணறு, மதில், படலை, பனை நிற்கும் வரிசை. வீட்டை இடித்த இடத்திலும் கிணறு பெரும்பாலும் மிஞ்சும். மூடியிருந்தாலும் கட்டின் வட்டம் தெரியும். வீட்டு வாசலுக்கும் கிணற்றுக்கும் இடையே உள்ள தூரத்தை, படத்தில் பக்கத்தில் நிற்கும் ஆளின் உயரத்தை அளவுகோலாக வைத்து மதிப்பிடுங்கள். ஆளும் கிணறும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்குப் பிழைக்கும்.

உறுதியில் (காணிப் பத்திரத்தில்) காணியின் பெயர், பரப்பு, நான்கெல்லை இருக்கும். 16 பரப்பு ஒரு ஏக்கர், ஒரு பரப்பு 10 பேர்ச். ‘கிணற்றில் பங்கு’, ‘வழி வாய்க்கால் பாத்தியதை’ என்று எழுதியிருந்தால் விடாதீர்கள். பங்குக் கிணறு எல்லையை ஒட்டியோ அயல் காணியிலோ இருக்கும், ஒழுங்கை எந்தப் பக்கத்தால் வந்தது என்பதும் அதிலேயே வெளிப்படும். எல்லையில் பெயர் வரும் அயலவர்களின் உறுதிகளையும் சேர்த்து வைத்தால் காணிகளை ஒன்றோடொன்று பொருத்திக் கோயில் அல்லது பிரதான வீதி வரை கொண்டுபோய்க் கட்டலாம். உறுதி தொலைந்தவர்கள் காணிப் பதிவகத்தில் பிரதி கேட்கலாம். நில அளவைத் திணைக்களத்தில் 1956இல் எடுத்த வான்படங்கள் உண்டு. ஒழுங்கைகளும் வேலிக்கோடுகளும் அதில் தெரியும். பனை வடலி மூடிய இடத்தில் இன்றைய செய்மதிப் படம் உதவாது.

கேள்வி: மங்கலான படத்தைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டால் கடைப்பலகை படிக்கும்படி தெளிவாகிறது. பயன்படுத்தலாமா? (வாசகர், சேலம்)

வேண்டாம். அது படிக்கவில்லை, எழுதுகிறது. நான்கு புள்ளியாக இருந்த இடத்தில் தனக்குத் தெரிந்த எழுத்தை வைத்துவிடும், முகத்துக்கும் அப்படியே. அசலிலேயே வெளிச்சத்தையும் மாறுபாட்டையும் ஏற்றி இறக்கிப் பாருங்கள். அசல் அச்சை ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்து உருப்பெருக்கியில் பார்த்தால் ஸ்கேனில் தெரியாதது சில சமயம் தெரியும்.

கேள்வி: சட்டத்தில் மாட்டிய படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. எப்படிப் பிரிப்பது? பிரித்த பின் பின்னால் விவரம் எழுத எந்தப் பேனா நல்லது? (வாசகி, காரைக்குடி)

பிரிக்காதீர்கள். ஈரத்தில் படத்தின் மேல்பூச்சான ஜெலட்டின் இளகிக் கண்ணாடியில் பிடித்திருக்கிறது. இழுத்தால் படம் கண்ணாடியோடும் காகிதம் உங்கள் கையோடும் வரும். கண்ணாடியோடே படம்பிடியுங்கள். இரு பக்கமும் 45 பாகையில் ஒவ்வொரு விளக்கு, கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி, அறையின் மற்ற விளக்குகள் அணைந்திருக்க வேண்டும். பிறகு கண்ணாடியோடே நிமிர்த்தி, காய்ந்த இடத்தில் வையுங்கள். ஈரச் சுவரில் மாட்டினால் பூஞ்சையும் இராமபாணப் பூச்சியும் மிச்சத்தைத் தின்னும்.

மற்ற படங்களின் பின்னால் எழுத மென்மையான பென்சில் போதும். ஓரத்தில், அழுத்தாமல். பால்பாயின்ட் முன்பக்கம் புடைத்துக்கொண்டு தெரியும், மை ஊறும். எழுதும்போது உறுதியானதையும் ஊகத்தையும் தனித்தனி வரியில் எழுதி, இன்றைய தேதியைப் போடுங்கள்.